மீட்டரில் விளக்கு எரிந்தால் பதறாதே தங்கச்சி!

கன்சல்டிங்கில் பார்த்து வைத்த காரோ, தெரிந்தவர் மூலம் வந்த காரோ, பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் டிரைவர் சீட்டில் போய் உட்கார். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பு, ஸ்டார்ட் செய்யாதே. பட்டன் ஸ்டார்ட் என்றால், பெரும்பாலான கார்களில் கிளச்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் இரண்டு தடவை அழுத்தினால் அதே நிலைக்கு வரும். மீட்டரில் சிவப்பும் ஆரஞ்சுமாக வரிசையாக விளக்குகள் எரியும். எல்லோரும் எரிகிற விளக்கைத்தான் பார்ப்பார்கள். நீ எரியாத விளக்கைத் தேடு.

என்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக். வண்டியில் இந்த வசதிகள் இருந்தால் ஐந்தும் அந்த நேரத்தில் எரிந்தே ஆக வேண்டும். விளக்கு உயிரோடு இருக்கிறது என்று வண்டி தானே காட்டிக்கொள்கிற சோதனை அது. ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் சில நொடிகளில் தானாக அணையும். ஆயில், பேட்டரி, என்ஜின் மூன்றும் ஸ்டார்ட் ஆன பிறகுதான் அணையும். என்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால், அதை யாரோ எரியவிடாமல் செய்திருக்கலாம். பல்பைக் கழற்றியிருக்கலாம், கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம்.

ஏர்பேக் விளக்கில் இன்னும் கவனம் வேண்டும். விபத்தில் ஏர்பேக் வெடித்துவிட்டால் புதிதாக மாட்ட நிறையச் செலவாகும். அதை மாட்டாமலே, அந்த விளக்கின் ஒயரைப் பேட்டரி விளக்கோடோ ஆயில் விளக்கோடோ சேர்த்து முடிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சாவியை ஆனில் வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யாமல் பத்து நொடி காத்திரு. ஏர்பேக் விளக்கு அணையாமலே இருந்து, ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி விளக்கோடோ ஆயில் விளக்கோடோ சேர்ந்து ஒரே நொடியில் அணைந்தால், அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடு. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

வாங்கியாயிற்று, ஓட்டுகிறாய் என்று வைத்துக்கொள். நிறத்தை மனதில் வை. சிவப்பு என்றால் ஓரமாக நிறுத்து. ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் வண்டியை ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும் வெறும் தகவல். புதிதாக மாருதி ஓட்டுகிற பலர், காலையில் ஸ்டார்ட் செய்ததும் வரும் நீல நிறத் தெர்மாமீட்டர் விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். என்ஜின் இன்னும் சூடேறவில்லை என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, சிறிது தூரம் போனதும் அணைந்துவிடும். அதுவே சிவப்பாக மாறினால் நிலைமை வேறு. வெப்பம் காட்டும் முள் இல்லாத கார்களில் அந்தச் சிவப்பு ஒன்றுதான் எச்சரிக்கை.

சிவப்பு: இங்கே அவசரம் காட்டு

எண்ணெய்க் கிண்டி மாதிரி மூக்கு நீண்டு, நுனியில் ஒரு சொட்டு விழும் விளக்குதான் ஆயில் விளக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால், "அடுத்த பங்க் வரைக்கும் போய்விடலாம்" என்று நினைக்கவே கூடாது. நாலு இண்டிகேட்டரையும் போட்டு, ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்து. அந்த விளக்கு சொல்வது ஆயிலின் அழுத்தத்தை. ஆயில் மேலே ஏறிப் பாகங்களுக்கு நடுவில் படலமாக நிற்கவில்லை என்றால் இரும்போடு இரும்பு உரசி, கொஞ்ச நேரத்தில் என்ஜின் சீஸ் ஆகிவிடும். பழைய காரில் அதற்கு ஆகும் செலவு, சில சமயம் காரின் விலையையே தொடும்.

நிறுத்திய பிறகு ஐந்து பத்து நிமிடம் பொறு. வண்டி சமதளத்தில் நிற்கட்டும். பானெட்டைத் திறந்து, மஞ்சள் அல்லது ஆரஞ்சு வளையம் உள்ள டிப்ஸ்டிக்கை உருவு. முதல் தடவை எடுத்ததில் தெரியும் அளவை நம்பாதே. துணியில் சுத்தமாகத் துடைத்து, முழுசாக உள்ளே செருகி, மறுபடி உருவிப் பார். கீழே ஒரு கோடோ புள்ளியோ, மேலே ஒன்று. ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், கார் கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்டார்ட் செய்யாதே, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடு. சென்சார் கெட்டிருக்கலாம், ஆயில் பம்ப் போயிருக்கலாம். எது என்று மெக்கானிக் அழுத்தத்தை அளந்து சொல்லட்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீரோ கூலண்ட்டோ கலந்திருக்கிறது. அந்த வண்டியையும் ஓட்டக் கூடாது.

அடுத்து சூடு. நம் ஊர் வெயிலில் பழைய காருக்கு வருகிற பெரிய நோய் இதுதான். சிவப்புத் தெர்மாமீட்டர் எரிந்தாலோ முள் எச் பக்கம் ஏறினாலோ முதலில் ஏசியை நிறுத்து. ஓரம் கட்ட இடம் கிடைக்கிற வரைக்கும் ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வை. சித்திரை வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். என்ஜினின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும், அதற்காகத்தான். நிறுத்தி, அணைத்து, அரைமணி நேரமாவது ஆற விடு. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வைக்காதே. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலண்ட் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடி திறந்த நொடியில் அத்தனையும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

எப்போது சூடாகிறது என்று கவனித்து வைத்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, ரோட்டில் ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் மேல் சந்தேகப்படு. ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறதா என்று பானெட்டைத் திறந்து பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், கை மட்டும் தள்ளியே இருக்கட்டும். டவுனில் சரியாக இருந்து, பைபாஸில் வேகம் பிடித்தால் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று தேட வேண்டும். கூலண்ட் மாதாமாதம் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை, காலையில் வெள்ளைப் புகை நின்றபாடில்லை என்றால் ஹெட் கேஸ்கட் வரைக்கும் யோசிக்கணும். ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றாதே. அந்த உப்பு உள்ளே படிந்து, சின்னக் குழாய்களை அடைத்துவிடும். கூலண்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து ஊற்று. நடுவழியில் வேறு வழியில்லாமல் குடிதண்ணீர் ஊற்றினால், வீட்டுக்கு வந்ததும் முழுசாக மாற்றிவிடு.

பேட்டரி விளக்கு எரிந்தால் நேராகப் பேட்டரிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்திக்கு அப்படித்தான் புதுப் பேட்டரி மாட்டி அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. குற்றவாளி தளர்ந்துபோன பெல்ட். வண்டி ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். டைனமோ, அதன் பெல்ட், ஒயர் இவற்றைப் பார்த்த பிறகுதான் பேட்டரி. மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள், சில நூறு ரூபாய்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. ஸ்டார்ட் செய்த பிறகு 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12லேயே நின்றால் டைனமோ பக்கம் போ. சில கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. எனவே பேட்டரி விளக்கோடு சூடும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்படியே நிறுத்து.

பிரேக் விளக்கில் முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா பார். இறங்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கும். டாப்-அப் செய்து விளக்கை அணைப்பதோடு விடாதே. பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும், அல்லது எங்கேயோ கசிகிறது. பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஒரு மீட்டர்கூட ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாத வண்டியில் ஏற்காடு, கொல்லிமலை இறங்கும்போது பிரேக் சூடாகி, உள்ளே ஆவி கட்டி, பெடல் வேலை செய்யாமல் போகலாம். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பழைய காரோடு அங்கே போவதற்கு முன்னால் பிரேக் ஆயிலை மாற்று, இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே இறங்கு.

ஆரஞ்சு: இங்கே நிதானம்

என்ஜின் படம் போட்ட ஆரஞ்சு விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி சாதாரணமாக ஓடும்வரை வீட்டுக்குப் போய்ச் சேரலாம். கண் சிமிட்டினால் போகாதே. என்ஜின் பலமாக மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எரித்துவிடும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்து ஓரம் கட்டு.

இந்த விளக்குக்கு ஸ்கேனர் போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே அதற்கான போர்ட் இருக்கும். ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீட்டை, அதாவது கோடை, மெக்கானிக் அழிப்பதற்கு முன் பேப்பரில் எழுதி வாங்கு. கோடு என்பது அறிகுறி, எந்தப் பார்ட்ஸை மாற்றணும் என்று அது சொல்லாது. பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். உடனே இன்ஜெக்டர், காயில், பிளக் எல்லாம் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதே. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள காராக இருந்தால், முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாற்றி மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொல். கோடு பி0302 என்று மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாமல் இருந்தால் பிளக்கையும் இதே போல் இடம் மாற்றிப் பார்க்கலாம். இப்படிக் கேட்கிற வாடிக்கையாளரிடம் நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

கார் வாங்கும்போதும் ஸ்கேனர் உதவும். விற்பதற்கு முதல் நாள் கோடை அழித்துவிட்டால் விளக்கு எரியாது. ஆனால் வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பட்டியல் ஒன்று உண்டு, அதில் பல "ரெடி இல்லை" என்று நிற்கும். அப்படி நின்றால், "எப்போது அழித்தீர்கள், ஏன்?" என்று கேள். பேட்டரி கழற்றி மாட்டினாலும் அப்படி ஆகும், அதனால் சண்டை போடாதே. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் பார்த்து வாங்குகிறேன் என்று சொல்.

ஏபிஎஸ் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அவ்வளவே. பெரும்பாலும் சக்கரத்தில் உள்ள சென்சாரில் சேறோ ஒயர் கோளாறோ இருக்கும். ஏபிஎஸ்ஸும் சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிறுத்திவிடு. ஸ்டீயரிங் விளக்கு எரிந்தால் ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர். பிஎஸ்6 டீசல் காரில் டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) விளக்கு வந்தால், பைபாஸில் ஏறி ஒரே வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணையும். தினமும் ஸ்கூல், மார்க்கெட் என்று நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டப்போகிற உனக்கு பிஎஸ்6 டீசல் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் பார்.

விளக்கே இல்லாத கோளாறுகள்

செல்ஃப் எடுக்கவில்லையா, சத்தத்தைக் கேள். டிக் டிக் டிக் என்று வேகமாக வந்தால் பேட்டரி வலுவில்லை, அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. பூத்ததைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி இறுக்கு. கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். ஒரே ஒரு "தக்" வந்து நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பார். நன்றாகச் சுற்றி ஸ்டார்ட் ஆகாவிட்டால் பெட்ரோலோ பிளக்கோ. சாவிப் படம் சிமிட்டிக்கொண்டு ஸ்டார்ட் ஆகாவிட்டால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை, ஸ்பேர் சாவியைப் போட்டுப் பார்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டியை விரித்து வை. நிறமில்லாத தண்ணீர் ஏசியிலிருந்து வருவது. கறுப்பு, பழுப்பு என்றால் ஆயில். பச்சையோ ரோஸோ வழவழவென்று இருந்தால் கூலண்ட். அந்த அட்டையை மெக்கானிக்கிடமே எடுத்துக்கொண்டு போய்க் காட்டு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றி நீ கவலைப்பட்டே ஆகணும். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவி, சீட் உறை மாற்றி, வேறு ஊரில் விற்றால் கண்ணுக்குத் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு. வெளியே எப்போதும் தெரியாத அந்தக் கடைசி அடியில் சேற்றுக்கறை கோடு போட்டிருக்கும். சீட்டை முன்னால் தள்ளி, அடியில் ஓடும் தண்டவாளத்தில் துரு பார். ஸ்டெப்னி இருக்கும் குழியில் விரலை விட்டு வண்டல் தேடு. இந்த வண்டிகளில் இன்று ஏபிஎஸ், நாளை ஸ்டீயரிங், அடுத்து ஏர்பேக் என்று சம்பந்தமில்லாத விளக்குகள் மாறி மாறி எரியும். பேட்டரி வலுவிழந்தாலும் எர்த் ஒயர் தளர்ந்தாலும்கூட அப்படி ஆகும்தான். இரண்டையும் சரிபார்த்த பிறகும் நிற்காவிட்டால், ஒயரிங்கில் தண்ணீர் புகுந்த வண்டியாகவே அதை எடுத்துக்கொள்.

அடுத்து ஒரு வண்டியைப் பார்க்கப் போகிறாய் அல்லவா? சாவியை ஆனில் வைத்து, எரிகிற விளக்குகளை ஒரு போட்டோ எடு. ஸ்டார்ட் செய்த பிறகு இன்னொன்று எடு. இரண்டையும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.