கம்ப்யூட்டர் நின்றாலும் கடை நிற்காது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வியாபாரிகள் முதலில் அதில் ஏற்றுவது கடைக் கணக்கைத்தான். பழைய நோட்டுகள் பரணுக்குப் போய்விடும். பிறகு கம்ப்யூட்டர் ஒரு நாள் மக்கர் செய்தால்? நான் வேலை பார்க்கும் சாப்ட்வேர் துறையில் இதற்கு ‘பிசினஸ் கன்டினியூட்டி பிளான்’ என்று பெயர். தமிழில் ‘தொழில் தொடர்ச்சித் திட்டம்’ எனலாம். கரண்ட், பாதை, நெட், கம்ப்யூட்டர், ஆள் இவற்றில் எது இல்லாமல் போனாலும் வேலையை எப்படித் தொடர்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அது.

நம்மூர் உதாரணம்

எங்கள் போடிநாயக்கனூரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏல மையங்கள் இரண்டு. ஒன்று போடியில், மற்றொன்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவின் புற்றடியில். இடையே போடிமெட்டு மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகள். பலத்த மழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும். 2020 ஊரடங்கில் ஏலமே நின்றது. மாநில எல்லையைக் கடப்பதும் சிக்கலானது. 2021 ஜனவரியில் இரு மையங்களும் கிளவுட் முறையில் இணைக்கப்பட்டன. போடியில் உட்கார்ந்தபடியே புற்றடி ஏலத்தில் விலை கேட்க வழி பிறந்தது.

ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி தயாராக இருக்க வேண்டும். உங்கள் கடைக்கும் இதுவே பாடம். ஒரு கம்ப்யூட்டரும் டேலியும் வைத்திருக்கும் சிறிய ஏலக்காய்க் கடையை எடுத்துக்கொள்வோம்.

1. எவ்வளவு நேரம் நிற்கலாம்?

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே நேரத்தை எழுதுங்கள். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலத்துக்குக் கிளம்ப இ-வே பில் வேண்டும். எனவே 2 மணி நேரம். தோட்டக்காரர் பாக்கிக் கணக்குக்கு 1 நாள். இதை ஆர்.டி.ஓ. என்பார்கள். வண்டிக்கு லைசென்ஸ் தரும் ஆபீஸ் அல்ல. ‘ரெக்கவரி டைம் அப்ஜெக்டிவ்’!

2. எவ்வளவு டேட்டா போகலாம்?

இரவு 7 மணிக்கு மட்டும் பேக்கப் எடுத்தால், மறுநாள் மாலை ஹார்ட் டிஸ்க் கெடும்போது அன்றைய பதிவு முழுவதும் போய்விடும். மதியமும் ஒரு பேக்கப் எடுத்தால் இழப்பு பாதியாகக் குறையும். அன்றைய எடைச் சீட்டுகளையும் கிழித்துப் போடாதீர்கள்.

3. மூன்று காப்பிகள்

டேலி பிரைமில் ஆல்ட் + ஒய் அழுத்தி ‘பேக்கப்’ தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது. மூன்றாவது கடைக்கு வெளியே, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில். ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாகிரை போன்ற வைரஸ்கள், இணைத்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

4. மாற்று வழிகள்

கரண்ட் போனால் பைல்களைச் சேமித்து முறையாக அணைக்க யு.பி.எஸ். நெட் போனால் மொபைல் ஹாட்ஸ்பாட். சிம் வேறு கம்பெனியுடையதாக இருக்கட்டும். இ-இன்வாய்ஸ் கட்டாயமில்லாத கடை என்றால், தனி வரிசை எண்ணுடன் ஒரு கை பில் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரே ஒரு பேப்பர்

டேலி சீரியல் எண், பதிவு செய்த இமெயில், சர்வீஸ் இன்ஜினியர், ஆடிட்டர் போன் எண்கள், பேக்கப் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பாஸ்வேர்டுகள் தனிக் கவரில், பீரோவில். நீங்கள் ஊரில் இல்லாதபோது அதைத் திறக்க நம்பகமான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

6. ஒத்திகை

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ‘ரெஸ்டோர்’ செய்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் மீதே செய்தால் புதிய பதிவுகள் அழிந்துவிடும்; எச்சரிக்கை! கடைசி பில் எண் சரியா? நான்கைந்து தோட்டக்காரர்களின் பாக்கி ஒத்துப்போகிறதா? எத்தனை மணி நேரம் ஆனது? முதல் படியில் எழுதிய நேரத்தைத் தாண்டினால் திட்டத்தை மாற்றுங்கள்.

கணக்கு தொலைந்தால் நஷ்டம் கடைக்கு மட்டுமல்ல. உங்களை நம்பிச் சரக்கை இறக்கிய சிறு தோட்டக்காரரின் பணமும் அதில்தான் இருக்கிறது. எனவே சீசன் சூடுபிடிக்கும் முன்பே ஒத்திகையை முடித்துவிடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.