சொந்த நிலத்து மரமும் சட்டமும்

அண்ணாமலையார் ஆலயத்தின் ஸ்தல விருட்சமாகிய மகிழத்தை வணங்கித் திரும்பும் நாம், கொல்லை மரத்தை நினைத்தபோது வெட்டிச் சாய்க்கும் சுதந்திரம் மாத்திரம் பட்டாவோடு சேர்ந்தே வந்துவிட்டதென்று கருதுவது எப்போதும் சரியன்று. கோடரியை எடுக்குமுன் பின்வருவனவற்றைச் சிந்தித்தல் நலம்.

• சந்தனம்: ஜவ்வாது மலைப் பக்கத்துப் பட்டா நிலத்தில் பறவையின் எச்சத்தால் தானே முளைத்ததாயினும், ஆசையோடு நட்டு வளர்த்ததாயினும், சந்தன மரத்தை உரிமையாளர் தம் இஷ்டப்படி வெட்டலாகாது, 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறைக்கு விண்ணப்பித்தல் வேண்டும்.

• பனை: ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று 2021-ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது, ஆதலின் வரப்போரத்துப் பனைக்கும் முதலில் மனுக் கொடுங்கள்.

• சாய்ந்த மரம்: அண்டை வீட்டாருக்கோ, கிரிவலப் பாதையில் நடப்போருக்கோ அபாயமாய் விழும் நிலையிலுள்ள மரத்தைக் குறித்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம், அகற்றுவதற்கு மட்டுமன்றி, முட்டுக்கொடுத்து நிறுத்துவதற்கும் உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டாதலால், காப்பாற்றக்கூடிய மரமெனில் மனுவில் அதனையே கோருங்கள்.

• ஆதாரம்: அடிமரமும் சாய்ந்த பக்கமும் தெளிவாகத் தெரியும் புகைப்படங்களையும், பட்டா, சிட்டா நகல்களையும் மனுவோடு இணைத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள், வாய்மொழிச் சம்மதத்தை நம்பி மரத்தில் கை வைக்க வேண்டாம்.