மடையும் வரப்பும்

உறுவையாறு

அன்புள்ள கயல்விழிக்கு,

போன வாரம் வந்திருந்தபோது, நாலு வரி அடித்ததுமே நான் சேவ் செய்வதைப் பார்த்து, "ஏன் சித்தப்பா இவ்வளவு பயம்?" என்று கேட்டாய். கணினி அறிவியல் படிக்கப் போகிறவள் கேட்ட கேள்வி என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வில்லியனூரில் டிடிபி வேலை பார்த்த நாட்களில் வந்த பழக்கம் இது. முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கும். பிரின்ட் கொடுத்த நேரத்தில் ஏதோ ஒரு புரோகிராம் சிக்கிக்கொண்டால் திரையே உறைந்துவிடும். சேவ் செய்யாதது எல்லாம் போகும்.

அந்தக் காலக் கணினியில் இருந்தது ஒரே பிராசசர். அது ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். நொடிக்குப் பலமுறை வேலை மாற்றுவதால் எல்லாம் சேர்ந்து நடப்பதுபோல் தெரியும். ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதை நீ பார்த்திருக்கிறாய். 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல், தன் முறை முடிந்ததும் அந்தந்த புரோகிராமே மடையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒன்று விடாவிட்டால் மற்றதெல்லாம் காய வேண்டியதுதான். மேக்கின்டாஷிலும் 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் வரும்வரை பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

இதற்கெல்லாம் முன்பே, 1985 ஜூலையில் நியூயார்க்கில் அறிமுகமான அமிகா கணினி இதற்கு வழி கண்டிருந்தது. கார்ல் சாசன்ராத் எழுதிய 'எக்ஸெக்' என்ற கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), நேரம் வந்ததும் தானே முறையை மாற்றிவிடும். வெறும் 256 கேபி நினைவகத்தில் இதைச் செய்துகாட்டியது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அங்கே மடைக்கு ஆள் இருந்தும் வரப்பு இல்லை. எந்த புரோகிராமும் பக்கத்து புரோகிராமின் நினைவகத்தில் எழுதிவிடலாம். எழுதினால், சிவப்புக் கட்டத்தில் 'குரு மெடிடேஷன்' என்று மின்னி மொத்தக் கணினியும் விழும். பிறகாவது வரப்பு போட்டிருக்கலாமே என்பாய். அங்கே புரோகிராம்கள் செய்தியை நகலெடுத்து அனுப்பவில்லை. அது இருக்கும் நினைவக முகவரியைத்தான் கைமாற்றிக்கொண்டன. அதன் வேகத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். வரப்பு போட்டால் பழைய புரோகிராம்கள் ஓடாது.

வரப்புக்கு வேண்டிய வசதி இன்டெலின் 386 சிப்பில் 1985-லேயே வந்துவிட்டது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தச் சிப்பில் முதலில் ஓட்டிப் பார்த்தது இரண்டே வேலைகள்: ஒன்று திரையில் 'ஏ' எழுதும், மற்றது 'பி' எழுதும். அதிலிருந்து வளர்ந்ததே லினக்ஸ். 2007-இல் சென்னை சி-டாக் நிறுவனம் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அந்த வழியில் வந்ததுதான்.

விண்டோஸ் 95-இலும் 98-இலும் வரப்பு அரைகுறை. பழைய புரோகிராம்களும் ஓட வேண்டும் என்று நினைவகத்தின் பொதுப் பகுதிகள் சிலவற்றைத் திறந்தே வைத்திருந்தார்கள். 1998 ஏப்ரலில் சிகாகோ மேடையில், பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி நின்றது. விண்டோஸ் என்டி வழியில் வந்த எக்ஸ்பி 2001-இல் வீடுகளுக்கு வந்த பிறகுதான் நிலைமை மாறியது. பழையதைக் காப்பாற்ற நினைத்ததில் தவறில்லை. ஆனால் அதற்கான விலையை ஊர் ஊராக எங்களைப் போன்றவர்கள் கொடுத்தோம்.

ஒரு காரியம் செய். முடிவே இல்லாத ஒரு லூப் எழுதி உன் லேப்டாப்பில் ஓடவிடு. பக்கத்தில் பாட்டுப் போடு, எதையாவது டைப் செய். பிறகு டாஸ்க் மேனேஜரில் அந்த ஒன்றை மட்டும் நிறுத்து. என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா