வளர்க்கும் முயலுக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கு

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் சில பிள்ளைகள் முயல்குட்டி கேட்டு அடம் பிடிக்கின்றன. நாமும் மனமிரங்கிப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு ஜோடி வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்து நூம்பலுக்கோ பூந்தமல்லிக்கோ கொண்டு வந்துவிடுகிறோம். முதல் வாரம் வீடெல்லாம் கொண்டாட்டம். பள்ளிக்கூடம் திறந்ததும் கூண்டு மொட்டைமாடி மூலைக்குப் போய்விடுகிறது. அதன்பின் அந்த வாயில்லா ஜீவனுக்காக அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இதை இந்த மாதம் சற்று ஆராய்வோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

வீட்டில் பிராணி வளர்ப்பது ஆகுமானதே. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூஉமைர் ஒரு குருவி வளர்த்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை, அன்போடு விசாரித்தார்கள். முயல் உண்ண ஹலாலானது என்பதற்கும் ஹதீஸ் உண்டு. மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் பிடித்த முயலை அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறுத்து, அதன் தொடையை அனுப்பி வைக்க, நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அனுமதியோடு கடமையும் சேர்ந்தே வருகிறது. ஒரு பூனையை அடைத்து வைத்து, தீனியும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரக வேதனைக்கு ஆளானாள் என்பது நாமெல்லாம் அறிந்த ஹதீஸ். கூண்டில் உள்ள முயலும் அந்தப் பூனையின் நிலையில்தான் இருக்கிறது. நாம் கொடுத்தால்தான் அதற்கு உணவு. பிராணிக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது வாஜிபு. கொடுக்க மறுத்தால், தீனி போடவோ, விற்றுவிடவோ, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடவோ அவர் நிர்ப்பந்திக்கப்படுவார் என்று ஷாஃபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள்.

அன்றாடப் பராமரிப்பு

முயல் அதிகாலையிலும் அந்தியிலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். ஆகவே ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரமும், அஸருக்குப் பின் ஒரு மணி நேரமும் அதற்கென ஒதுக்குவது நமக்கும் எளிது, அதற்கும் பொருத்தம்.

காலையில் கூண்டைக் கூட்டி, நனைந்த படுக்கையை மாற்றி, தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிரப்ப வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை நீர் அருந்தும். முக்கிய உணவு காய்ந்த புல்லே. அது எந்நேரமும் கிடைக்க வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை மென்றால்தான் தேயும். வைக்கோலில் சத்துக் குறைவு, படுக்கைக்கே உதவும். அருகம்புல், கொத்தமல்லித் தழை, புதினா ஆகியவற்றைக் கழுவி ஒரு கைப்பிடி தரலாம். வாகனப் புகை படிந்த நெடுஞ்சாலையோரப் புல் வேண்டாம். கேரட் இனிப்பு மிகுந்தது. சிறு துண்டு போதும். வெங்காயம், ரொட்டி, பிஸ்கட் ஆகாது.

முயல் தன் ஆசனவாயிலிருந்து மிருதுவான ஒருவகைக் கழிவை எடுத்துத் தின்னும். அருவருத்துத் தடுக்க வேண்டாம். அதன் செரிமானத்துக்கு அல்லாஹ் அமைத்த ஏற்பாடு அது.

மாலையில் மூடிய அறையிலோ, நாய் பூனை வராத முற்றத்திலோ ஓட விட வேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. மார்பிலும் பின்புறத்திலும் கை கொடுத்தே தூக்க வேண்டும். உதறினால் முதுகெலும்பு முறிந்துவிடும்.

ரமளானில் நாம் நோன்பு. முயலுக்கு நோன்பு இல்லை. ஸஹர் நேரத்திலேயே அதன் தண்ணீரையும் பார்த்துவிடுவது நல்லது. உம்ராவுக்கோ சொந்த ஊருக்கோ போகும்போது பொறுப்பானவரிடம் ஒப்படைக்காமல் புறப்படக் கூடாது.

வெயிலும் நோயும்

முயலுக்கு வியர்த்து உடல் குளிர்வதில்லை. 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கும். நம் பகுதியின் அக்னி நட்சத்திர வெயிலில் மாடித் தகரக் கொட்டகை அதற்கு அடுப்புதான். வீட்டினுள் காற்றோட்டமான நிழலில் வைத்து, காதுகளை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் அது ஆபத்து. உடனே கால்நடை மருத்துவரிடம், அல்லது வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வீட்டிலிருக்கும் அமாக்ஸிசிலின் போன்ற மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் குடல் கெட்டு முயல் இறந்துபோகும்.

ஆணையும் பெண்ணையும் சுமார் மூன்று மாதத்திலேயே பிரித்து வைக்க வேண்டும். சினைக்காலம் 31 நாட்களே. குட்டி போட்ட அன்றே மீண்டும் சினையாகும். தாய் ஒரு நாளில் ஒரு முறை, சில நிமிடமே பாலூட்டும். கைவிட்டுவிட்டது என்று எண்ணிக் குட்டிகளைக் கலைக்கக் கூடாது.

சுத்தம் பற்றிய மஸ்அலா

முயலின் புழுக்கையும் சிறுநீரும் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் அதன் சிறுநீர் இலேசான நஜீஸாகும். எனவே தொழும் விரிப்பின் மீது அதை விடலாகாது. உயிருள்ள முயலிலிருந்து உதிரும் ரோமம் சுத்தமானதே. ஆடையில் ஒட்டினால் தொழுகைக்குத் தடையில்லை.

வாங்குமுன் யோசியுங்கள்

நன்கு பேணினால் முயல் எட்டுப் பத்து ஆண்டுகள் வாழும். ஏழு வயதில் ஆசைப்பட்ட பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை அது வீட்டிலிருக்கும். ஆகவே பொறுப்பு பிள்ளையுடையதன்று, பெற்றோருடையது. முடியாது என்று தோன்றினால் வாங்காதிருப்பதே பேணுதல். வாங்கியபின் இயலாமற்போனால், பேணத்தக்கவருக்குக் கொடுங்கள், அல்லது முறைப்படி அறுத்து உண்ணுங்கள். காலி மனையில் விட்டுவிடுவது விடுதலையன்று, நாய்களுக்கு இரையாக்குவதே. காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பதோ, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஈரமுள்ள ஈரலுடைய ஒவ்வொரு ஜீவனுக்கும் செய்யும் உபகாரத்தில் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு நன்மாராயம் கூறியிருக்கிறார்கள். ஒரு சட்டித் தண்ணீரால் அந்தக் கூலியைத் தேடிக்கொள்ள அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.