‘எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன் தம்பி!’

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். மகள் புது லேப்டாப் வாங்கி அனுப்பியிருந்தார். பழையதில் இருந்ததைப் பென் டிரைவில் ஏற்றி, புதியதில் இறக்கிவிட்டு, மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். “எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன் தம்பி. ஆனா கட்டுரை எல்லாம் கெட்டுப்போச்சு.”

திறந்து பார்த்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி.

நம்பிக்கை: இடம் மாற்றும்போது பைல் கெட்டுவிட்டது.

கெடவே இல்லை. ஐயா வெகுகாலமாகப் பாமினி எழுத்துருவில் அடிப்பவர். பாமினியில் ‘த’ அடித்தால் கணினி சேமித்துக்கொள்வது ஆங்கில ஜே-யைத்தான். அதற்குத் ‘த’ வேஷம் கட்டிக் காட்டுவது எழுத்துருவின் வேலை. புது லேப்டாப்பில் பாமினி இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. பழையதில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பான்ட்ஸ் போல்டரிலிருந்து பாமினியை எடுத்துவந்து, புதியதில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தோம். வேர்டை மூடித் திறந்ததும் கட்டுரை அப்படியே வந்து நின்றது. ஐயா முதல் பத்தியை வாய்விட்டு வாசித்தார், அதில் ஒரு சந்திப்பிழையையும் பிடித்தார்.

வானவில், டேம், டேப் என்று எதில் அடித்திருந்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்பது யூனிகோடில்தான்; தமிழக அரசு அதை ஏற்றது 2010-ல். அதற்கு முந்தைய ஆவணம் வைத்திருப்பவர்கள் எழுத்துருவையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்வது இன்னும் நல்லது. மூலப் பைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்: நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி தமிழ் என்று நினைத்து உளறவைத்துவிடும்.

நம்பிக்கை: டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் எடுத்தால் எல்லாம் வந்துவிடும்.

டேலி வைத்திருக்கும் கடைக்காரரைக் கேளுங்கள். டேலி இஆர்பி 9-ல் கணக்கு டாக்குமென்ட்ஸில் இருப்பதில்லை. டேலியின் டேட்டா போல்டரில், 10000, 10001 என்று வெறும் எண் பெயரோடு கிடக்கும். பெயரைப் பார்த்துக் குப்பை என்று விட்டுவிடுவோம். குரோமில் சேர்த்துவைத்த புக்மார்க்குகள் இருப்பதோ, கண்ணுக்கே தெரியாமல் மறைத்துவைக்கப்பட்ட ஆப்டேட்டா போல்டரில்.

இன்னொரு பொறி ஒன்டிரைவ். பைல் பெயருக்குப் பக்கத்தில் சின்ன மேகம் தெரிந்தால், அது உங்கள் டிஸ்கில் இல்லை. பெயர்ப் பலகை மட்டும்தான் இங்கே, சரக்கு இணையத்தில். ரைட் கிளிக் செய்து, இந்தக் கணினியிலேயே எப்போதும் வைத்திரு என்ற கட்டளையைக் கொடுத்து, முழுதாக இறங்கிய பிறகு காப்பி எடுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் பிராப்பர்ட்டீஸ் திறந்து, எத்தனை பைல், எத்தனை ஜிபி என்று ஒத்துப்பாருங்கள்.

நம்பிக்கை: கல்யாண வீடியோ ஏறவில்லை, பென் டிரைவ் பழுது.

32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருக்கும், 6 ஜிபி வீடியோவை மட்டும் வாங்க மறுக்கும். பழுது ஒன்றுமில்லை. அது பாட்32 முறையில் பார்மட் ஆகியிருக்கும். அந்த முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்பாட் முறையில் பார்மட் செய்தால் ஏறும், மேக்கிலும் படிக்கலாம், எழுதலாம். பார்மட் செய்தால் உள்ளே இருப்பது அழியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னாலும் மறந்துவிடுகிறோம்.

புரோகிராம் பைல்ஸ் போல்டரைத் தூக்கிவந்தால் மென்பொருள் ஓடும் என்பதும் பரவலான நம்பிக்கை. பெரும்பாலும் ஓடாது. புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டியதுதான்.

நம்பிக்கை: லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் உள்ளே இருந்ததும் போச்சு.

செத்தது மதர்போர்டாக இருக்கலாம், டிஸ்க் நன்றாகவே இருக்கும். பழைய 2.5 அங்குல ஹார்டு டிஸ்கைக் கழற்றி, ஒரு யூஎஸ்பி கேசிங்கில் போட்டால் பென் டிரைவ் மாதிரித் திறக்கும். மெல்லிய எம்.2 வகைக்கு வேறு கேசிங். புதிய மாடல் சிலவற்றில் சேமிப்புச் சில்லைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அங்கே கழற்றும் வேலை நடக்காது. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும், பலருக்கு அது மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். டிஸ்கிலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். நேரே மீட்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நம்பிக்கை: டெலிட் செய்துவிட்டுப் பழையதைக் கைமாற்றிவிடலாம்.

ஹார்டு டிஸ்கில் டெலிட் என்பது அட்டவணையில் பெயரை அடிப்பது. மேலே வேறொன்று எழுதப்படும்வரை பைல் அங்கேயேதான் இருக்கும். விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு, டிரைவைச் சுத்தம் செய் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும்.

ஐயா பழையதைப் பேரனுக்கு உடனே கொடுத்துவிடப் பார்த்தார். ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். ஒன்பதாம் நாள் போன்: “தம்பி, ஸ்கேன் பண்ணி வெச்ச பட்டாவைக் காணோமே?”

பழையதில், டவுன்லோட்ஸ் போல்டரில் இருந்தது.