ரிதம் கிட்டாரும் லீட் கிட்டாரும்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கிட்டார் கற்கிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து இசைக்குழு அமைத்ததும் முதல் சச்சரவு வந்துவிடுகிறது: லீட் யார், ரிதம் யார்? என் பேரனின் குழுவில் ரிதம் வாசிக்கச் சொன்ன பையன், "எனக்கு எடுபிடி வேலைதானா?" என்று கிட்டாரையே உறையில் போட்டு மூடிவிட்டான். அவன் தாயாருக்கும் மனத்தாங்கல். அவர்களைப் போன்றோருக்காகவே இந்தச் சிறு பாடம்.

இரண்டு கிட்டாருக்கும் கம்பிகள் ஆறுதான், வேலைதான் வேறு.

ரிதம் வாசிப்பவர் இடது கையால் சில ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துகிறார். இதற்குக் கார்டு என்று பெயர். ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் ஒருசேர ஒலித்தால் அது மேஜர் கார்டு. வலது கை கம்பிகளைக் கீழும் மேலுமாக வருடித் தாளம் காக்கிறது. தம்புராவைப் போலச் சுருதிக்கு ஆதாரம், மிருதங்கத்தைப் போலக் காலப்பிரமாணம், இரண்டும் இவர் பொறுப்பு. ஆனால் தம்புரா மாறாது. கார்டு பாட்டின் போக்குக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

லீட் வாசிப்பவர் பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்வரமாக மெட்டை வாசிக்கிறார். பாட்டின் முகப்பு, இடையிசை, பாடகர் மூச்சு விடும் இடைவெளி ஆகியவை இவருடையவை. கம்பியை விரலால் இழுத்து வளைத்துக் கமகம் போன்ற அசைவையும் கொண்டு வருவார். நம் கச்சேரியில் வயலினுக்குள்ள இடம் என்று கொள்ளலாம்.

இதில் யார் பெரியவர்? பீட்டில்ஸ் குழுவைப் பாருங்கள். ஜார்ஜ் ஹாரிசன் லீட். குழுவுக்கு வித்திட்ட ஜான் லென்னனோ பெரும்பாலும் ரிதம்! 1963-இல் வெளிவந்த 'ஆல் மை லவிங்' பாட்டின் அடிகளில் லென்னன் ஒவ்வொரு தட்டுக்கும் மும்மூன்றாக, நம் திஸ்ர நடையில், விடாமல் வாசிப்பார். ஹாரிசனின் லீட் நடுவே சிறிது நேரமே வரும். அந்தத் திஸ்ர ஓட்டத்தை எடுத்துவிட்டால் பாட்டின் துள்ளலே போய்விடும்.

நம் இளையராஜாவும் 'அன்னக்கிளி'க்கு (1976) முன்பு சலீல் சௌதுரியின் குழுவில் கிட்டார் வாசித்தவரே. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டைக் கேளுங்கள். தொடக்கத்தில் கிட்டார் முன்னே நிற்கும், எஸ்.பி.பி. பாடத் தொடங்கியதும் பின்னால் நின்று தாங்கும். முன்னே வருவதும் பின்னே போவதும் பாட்டின் தேவைதான்.

இரயில்வேயில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பயணிகள் வண்டியைத்தான் பார்ப்பார்கள். தண்டவாளங்கள் 1,676 மில்லிமீட்டர் இடைவெளி பிசகாமல் நிற்பதற்குக் கீழே கிடக்கும் ஸ்லீப்பர்கள்தாம் காரணம். லீட் ஒரு ஸ்வரம் தவறினால் பலருக்குத் தெரியாது. ரிதம் தடுமாறினால் பாடகர் உட்பட எல்லோரும் தடுமாறுவர்.

பிள்ளைகளுக்கு வீட்டுப் பயிற்சி இதோ:

1. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து, இரண்டே கார்டுகளை நான்கு தட்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கார்டு பிசகினாலும் வலது கை நிற்கக்கூடாது.

2. ஒருவர் ரிதம், ஒருவர் லீட் என ஒரு பாட்டை வாசித்து, அடுத்த முறை இடம் மாறுங்கள்.

3. பாடகர் குரல் கேட்கவில்லையென்றால் இருவருமே ஒலியைக் குறையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா மேடையில் உங்கள் பிள்ளை ரிதம் வாசித்தால், "உனக்கு லீட் தரவில்லையா?" என்று கேட்காதீர்கள். "தாளம் கடைசிவரை நின்றதா?" என்று கேளுங்கள்.