வில்பத்து சஃபாரிக்குப் புறப்படுமுன்

ஆபிரிக்கக் காடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்து ஏங்குகிற பிள்ளைகள் கிராண்ட்பாஸில் வீட்டுக்கு வீடு உண்டு. களனிப் பாலத்தைத் தாண்டி பேலியகொடையில் புத்தளம் வீதியைப் பிடித்தால், நாலைந்து மணித்தியாலத்தில் வில்பத்து. 1938இல் தேசியப் பூங்காவான இந்தக் காடு, போரினால் 1988 முதல் 2003 வரை மூடிக்கிடந்தது. அந்தக் காலத்தில் இதைப் பார்க்கும் வாய்ப்பு வீட்டுப் பெரியவர்களுக்கும் கிடைக்கவில்லை, அதனால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

1. வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். முதல்நாளே போய் வாயிலுக்கு அருகே ஹுனுவிலகம பக்கம் தங்குங்கள். இரவிரவாகப் பயணம் செய்தால் பிள்ளைகள் ஜீப்பிலேயே தூங்கிவிடுவார்கள்.

2. பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வரும் உறவினருக்குக் கட்டணம் பல மடங்கு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

3. முதுகுவலி உள்ளவர்களை முன் ஆசனத்தில் ஏற்றுங்கள். பின்வரிசைதான் அதிகம் தூக்கிப்போடும்.

4. பாண், கட்டச்சம்பல், அவித்த முட்டை போதும். வாழையிலையில் சுற்றி டப்பாவில் வையுங்கள், பொலித்தீன் வேண்டாம். பழங்களை இறுக மூடுங்கள். யாலையில் கெமுனு என்ற கொம்பன் யானை, சாப்பாடு தேடி ஜீப்புக்குள்ளேயே தும்பிக்கையை விடப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது மனிதர்கள். ஒரு வாழைப்பழத்தையும் எறியாதீர்கள், பிள்ளை அழுதாலும் சரி.

5. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இங்கே இல்லை என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லுங்கள். சிங்கமும் வரிப்புலியும் இல்லாததால்தான் சிறுத்தை இங்கே பெரிய வேட்டைக்காரன். பகலிலும் பாதையில் நடக்கும். மே முதல் ஜூலை வரை பாலைப்பழக் காலம். மரத்தில் ஏறி அதைத் தின்னும் கரடியைக் காண அதிர்ஷ்டம் வேண்டும்.

6. சிறுத்தை நிற்கிறதென்று செய்தி வந்தால் சில சாரதிகள் பறப்பார்கள். ஏறுமுன்பே “மல்லி, ஹெமின் யமு” (தம்பி, மெதுவாகப் போவோம்) என்று சொல்லுங்கள். வில்பத்தின் செல்வம் அதன் வில்லுகள், மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள். கோடையில் மற்ற இடங்கள் வற்ற, மிருகங்கள் இங்கேதான் நீர் தேடி வரும். ஒரு வில்லுக்கரையில் எஞ்சினை நிறுத்தி அரை மணித்தியாலம் இருந்தால், நாள் முழுக்க ஓடினாலும் கிடைக்காத காட்சி கிடைக்கும்.

7. நினைத்த இடத்தில் இறங்க முடியாது. மலசலகூடத்தை வாயிலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

8. வெள்ளை உடுப்பு வேண்டாம், செம்மண் புழுதி ஒட்டிக்கொள்ளும். வீடு வந்ததும் ஈரமாக்காமல் முதலில் உதறுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி, அதற்குப் பின்னரே சவர்க்காரம் போடுங்கள்.